எடை எழுதும் கொப்பி

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா நலம். கால் வீக்கம் வற்றிவிட்டது. பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுகிறேன், அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். நீ தந்த புதிய முகவரியைத்தான் உறையில் எழுதியிருக்கிறேன். உன் பெயரை மட்டும் எழுதச் சொன்னாய், அப்படியே எழுதினேன்.

அம்மாவின் திவசம் நல்லபடி முடிந்தது. காலையில் மயூரபதி அம்மன் கோயிலில் அருச்சனை. சின்ன மாமி வந்து சமைத்தார். வாழைக்காய்க் கறியும் பயற்றங்காயும் அம்மாவின் பக்குவத்திலேயே இருந்தன. நீ அழைப்பாய் என்று கைத்தொலைபேசியை அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இரவு பத்தரைக்கு "நான் நலம் அப்பா, வேலை" என்று நாலு சொல் வந்தது. சரி, இரவு வேலையாக இருந்திருக்கும். மாமி உன்னைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போய்விட்டேன். உன் வாயால் வராத எதையும் நான் பிறர் வாயால் கேட்கப்போவதில்லை.

சாப்பிடுகிறாயா? வெறும் வயிற்றோடு இரவு வேலைக்குப் போகாதே.

உன் அறையில் இப்போது மூன்று கூடுகள் இருக்கின்றன. கோபிக்காதே, ஜன்னல் பக்கம் காற்று வருவது அந்த அறையில்தான். முயலுக்கும் கினிப்பன்றிக்கும் நம்முடைய வெக்கை ஆகாது. முப்பது பாகைக்கு மேல் போனால் படுத்துவிடும். தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்து, துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைக்கிறேன். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படுக்கின்றன.

எங்கள் குழுவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர்தான். பல்கலைக்கழகப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், ஒரு வங்கி உத்தியோகத்தர், நான். கட்டடம் கிடையாது, அவரவர் வீட்டில் ஒரு மூலை. நாய்க்கும் பூனைக்கும் இரங்குகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூட்டுக்குள் வளர்க்கிற சின்னப் பிராணிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரும்பாலும் வெளிநாடு போகிறவர்கள்தான் கொண்டுவந்து தருகிறார்கள். 2022க்குப் பிறகு அது கூடிவிட்டது. விசா வந்ததும் காரை விற்று, தளபாடங்களை விற்று, கடைசிக் கிழமையில் பிள்ளையின் முயலுக்கு இடம் தேடுகிறார்கள். குழுவில் இளம் பிள்ளைகள் அவர்களைத் திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

மாசி மாதம் பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு பெட்டியில் மூன்று கினிப்பன்றிகள் வந்தன. மூன்றும் பெண் என்று கடையில் சொல்லி விற்றிருக்கிறார்கள். புரட்டிப் பார்த்தால் ஒன்று ஆண், மற்ற இரண்டில் ஒன்று சினை. இரண்டு மாதத்தில் ஈனும், ஈன்ற அன்றைக்கே மறுபடியும் சினை பிடிக்கும். அதனால் முதல் வேலையாக ஆணைப் பிரித்து வேறு கூட்டில் விட்டேன். குட்டிகள் பிறந்தபோது பக்கத்திலேயே இருந்தேன். கண் திறந்து, பல்லோடு, உடம்பு முழுக்க மயிரோடு பிறந்தன. ஈரம் காய்வதற்குள் எழுந்து நடந்தன. எழுபது வயதில் இதைப் பார்க்கக் கொடுத்து வைத்தேனே என்று நினைத்தேன். படம் அனுப்பினேன். நீ பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது.

சினைப்படாத மற்றொன்றைத்தான் நான் கவனிக்காமல் விட்டேன். கறுப்பி என்று பெயர். தினமும் மற்றவற்றோடு சேர்ந்து கத்திக்கொண்டு ஓடிவரும். புல்லுக்கட்டின் முன்னால் முதலாவதாக வந்து உட்காரும். இலையை வாயில் எடுக்கும், தலையை ஆட்டும், தாடையை அசைக்கும். சாப்பிடுகிறது என்றே நினைத்தேன். அம்மா கேக்குக்கு மாவு நிறுத்த தராசு இருக்கிறதல்லவா, திங்கள் தோறும் எல்லாவற்றையும் அதில் நிறுத்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவருகிறேன். 860 கிராம் இருந்தது அடுத்த கிழமை 835, அதற்கடுத்த கிழமை 780. அன்றைக்குத்தான் தரையில் குந்தியிருந்து அரை மணி நேரம் அதை மட்டும் பார்த்தேன். எடுத்த இலையை ஒவ்வொரு முறையும் நனைத்துவிட்டுக் கீழே போட்டது. ஒன்றும் உள்ளே போகவில்லை. முன்னால் ஈரமான இலைகள் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தன.

மிருக வைத்தியரிடம் ஓட்டோவில் கொண்டு ஓடினேன். இவற்றுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். பழைய வீட்டில் கடைத் தீனியும் பாணும் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களும் உள்ளே வளைந்து நாக்குக்கு மேலே பாலம் போல வளர்ந்திருந்தன. நாக்கை அசைக்க முடியாது, விழுங்க முடியாது. பசியோடு வந்து உட்கார்ந்து, மற்றவற்றைப் போலவே சாப்பிட்டுக் காட்டியிருக்கிறது. வைத்தியர் சொன்னார், பருந்துக்கும் நரிக்கும் இரையாகப் பிறந்த சாதி நோவை வெளியே காட்டாது, காட்டினால் முதலில் அதைத்தான் தூக்கும், ஆகவே இவற்றின் முகத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள் என்று.

உன் வீட்டில் தராசு இருக்கிறதா? கிழமைக்கு ஒரு நாள் ஏறிப் பார். சித்திரை வருடப் பிறப்புக்கு அனுப்பிய படத்தில் கழுத்தெலும்பு தெரிந்தது. உடுப்பின் வெட்டு அப்படியோ தெரியாது.

மயக்கி, பல்லைத் தேய்த்துவிட்ட பிறகு ஒன்பது நாள் ஊசி இல்லாத சிரிஞ்சால் ஊட்டினேன். தீனியை ஊறவைத்துக் கரைத்து, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும். இவற்றின் குடல் ஒருநாள் வெறுமையாக நின்றால் பிறகு ஓடாது. கொய்யாப்பழத்தைக் கடைந்து அதிலும் கொஞ்சம் சேர்த்தேன், ஏனென்றால் மனிதரைப் போலவே இவற்றின் உடம்பிலும் விற்றமின் சி ஊறாது, நாள்தோறும் வெளியிலிருந்து போக வேண்டும். துவாயில் சுற்றி மடியில் வைத்தால் இதயம் அடிப்பது உள்ளங்கையில் தெரியும். அவசரப்பட்டுத் தள்ளினால் புரையேறும். அது விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். அப்போதுதான் நீ செய்யும் வேலை என்ன என்று எனக்கு விளங்கியது. அந்த முதியோர் இல்லத்தில் ஒரு நாளைக்கு எத்தனை வாய்க்கு ஊட்டுகிறாய்! முப்பது வயதுக்கு மேல் வேறு பாஷை படித்து, பரீட்சை எழுதி, அந்நிய மனிதர்களின் தாயையும் தகப்பனையும் பார்க்கிறாய். பஸ் தரிப்பிடத்தில் அறிமுகமில்லாதவர்களிடம்கூட உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நீ உன் தகப்பனுக்கு மாதத்தில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்க மாட்டேன் என்கிறாயே.

கோபத்தில் எழுதவில்லை. சாப்பிடு, அவ்வளவுதான்.

கினிப்பன்றியை ஒற்றையாக வைத்திருக்கக் கூடாது என்று 2008இலேயே உங்கள் சுவிஸில் சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே போன புதிதில் நீதான் சொன்னாய். துணை செத்துப்போனால் இன்னொன்றைக் கடனாகக் கொடுக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள் என்று நீயும் மருமகன் தம்பியும் தொலைபேசியில் மாறி மாறிச் சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் இங்கே வருகிறவர்களோடு வாதாடுகிறேன். போன கிழமை தெகிவளையில் ஒரு வீடு பார்க்கப் போனோம். கொடுப்பதற்கு முன் வீட்டைப் பார்ப்பது எங்கள் வழக்கம். பூனை இருக்கிறதா, வெயில் எங்கே விழுகிறது, பிள்ளைக்குச் சலித்த பிறகு பெரியவர்கள் யார் பார்ப்பார்கள், இதெல்லாம் கேட்போம். மகளின் பிறந்தநாளுக்கு ஒன்று போதும் என்றார் தகப்பன். இரண்டாகத்தான் தருவோம் என்றேன். ஒன்றுக்கு ஒன்று என்ன செய்யப்போகிறது என்று கேட்டார். ஒற்றையாக விட்ட கினிப்பன்றியை நான் பார்த்திருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டி திறக்கும் சத்தத்துக்குக்கூட வராது. ஒரு மூலையில், சுவரைப் பார்த்தபடி இருக்கும். அதைச் சொன்னேன். அந்தச் சின்னப் பிள்ளை தகப்பனின் கையைப் பிடித்து இழுத்து, "இரண்டு" என்றது. ஒரு மாதம் கழித்து வந்து பார்ப்போம் என்று சொல்லி, கறுப்பியைத் தவிர்த்து, இரண்டு பெண் குட்டிகளைக் கொடுத்தோம்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

மூன்று கிழமைக்கு முன்னால், மைமல் பொழுதில், குழுவில் இருக்கும் சிங்களப் பிள்ளை ஒன்று அழைத்தது. கால்வாய்க் கரையில் வெள்ளை முயல் ஒன்று கிடக்கிறது, நாய்கள் சுற்றுகின்றன, அங்கிள் பக்கத்தில்தானே என்று. அம்மாவின் பழைய சீலையும் கூடையும் எடுத்துக்கொண்டு போனேன். கல்லுக்கட்டுக்குக் கீழே புல்லுக்குள் இருந்தது. நாய் குரைக்க, எதிர்க்கரையிலிருந்து உடும்பு மாதிரிப் பெரிய கபரக்கொய்யா ஒன்று தண்ணீருக்குள் இறங்கி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. முயல் ஓடவில்லை. கூட்டில் பிறந்த முயலுக்கு எங்கே ஓடுவது என்று தெரியாது. அந்த வெள்ளை இருட்டிலும் தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் குனிந்ததும் நகர்ந்து வந்து என் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்தது.

மகள், பஞ்சு வத்தளையில் இல்லை. ஒருநாளும் இருக்கவில்லை.

1997இல் நாங்கள் இருந்த அனெக்ஸ் உனக்கு நினைவிருக்கும். வீட்டுக்கார அம்மா, மணக்கிறது, இரண்டு நாளில் முயலை அகற்றுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் போங்கள் என்றார். அந்த நாளில் யாழ்ப்பாண அடையாள அட்டையோடு இன்னொரு அறை தேடுவது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கந்தோரில் இரண்டு பேரிடம் கேட்டேன், மாட்டேன் என்றார்கள். மூன்றாவது ஆளிடம் நான் கேட்கவில்லை. அதுதான் என் குற்றம். கேட்டிருக்கலாம். நீ நித்திரையான பிறகு பன்பையில் வைத்துக் கொண்டுபோனேன். சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். டோர்ச் அடித்துப் பார்த்த சிப்பாய், உனக்கு அண்ணன் வயதுதான் இருக்கும், சிரித்துக்கொண்டே அதன் காதைத் தடவிவிட்டான். கால்வாய்க் கரையில் இறக்கிவிட்டேன். போகவில்லை. என் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்தது. காலை உருவிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். விடிய வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்த்தேன். புல்லில் கொஞ்சம் வெள்ளை மயிர் கிடந்தது.

95 யாழ்ப்பாண இடப்பெயர்வில், நாங்கள் வளர்த்த வீமனை அவிழ்த்துவிட்டு வந்ததற்கே நீ எத்தனை நாள் என்னோடு கதைக்கவில்லை. இதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கந்தோர் சிநேகிதர் வத்தளையில் பெரிய வளவு வைத்திருக்கிறார், அங்கே விட்டிருக்கிறேன் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். நீ ஒவ்வொரு கிழமையும் கேட்டாய், நானும் ஒவ்வொரு கிழமையும் சேதி கொண்டுவந்தேன். பஞ்சு கொழுத்துவிட்டது, பஞ்சு நாலு குட்டி போட்டிருக்கிறது, பஞ்சு வல்லாரை தின்கிறது. இரண்டு வருடம் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சேதி சொல்லும் நேரங்களில் மட்டும் எழுந்து குசினிக்குப் போய்விடுவார்.

கேட்கிறவர் கவலைப்படக் கூடாது என்பதற்காகச் சொல்லும் சேதி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது நாலு சொல்லில் முடிந்துவிடும். திவசத்தன்று உன் சேதியை வாசித்தபோது எனக்கு வத்தளைதான் நினைவுக்கு வந்தது.

பஞ்சுவிடம் கொடுக்கச் சொல்லி நீ வரைந்து தந்த படத்தை அலுமாரியில் உன் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருந்தேன். இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். கரட்டுக்கு நீல நிறம் தீட்டியிருக்கிறாய். செம்மஞ்சள் பென்சில் முடிந்துவிட்டது என்று அழுதாய். கோபம் வந்தால் என்னைத் திட்டு. திட்டுவதற்காகவாவது அழை.

கால்வாய் முயல் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காதுக்குள் உண்ணி இருந்தது, இப்போது இல்லை. இதைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், இன்னும் கொடுக்கவில்லை. கூடுகளை ஹோலுக்கு நகர்த்த அரை நாள் போதும், கட்டில் விரிப்பைத் துவைத்து வைத்துவிட்டேன். சேமலாப நிதிக் காசில் ஒரு டிக்கெட்டுக்கு வேண்டியதைத் தொடாமல் வைத்திருக்கிறேன், உன்னிடம் இருந்தாலும் என்னிடமே வாங்கிக்கொள். இரவு விமானத்தில் வந்தால் நான் நித்திரையாக இருப்பேன் என்று யோசிக்க வேண்டாம். திறப்பு கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. அவர் ஒன்றும் கேட்கமாட்டார்.

அன்புடன்,
அப்பா

பி.கு. கறுப்பி இன்று காலை 815.