அந்தக் கொம்பை எடுத்துவிடு, தாயி

அன்பு மகளுக்கு,

குமுளியிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஏலக்காய் ஸ்டோருக்குத் தரம் பிரிக்கப் போய்வருகிறாள்.

உங்கள் கேமுக்காக நீ வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய ட்ரூயிட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீள தாடி, தலையில் மான் கொம்பு, காலடியில் ஓநாய். உங்கள் கேமில் அவர் நினைத்தால் கரடியாக மாறுவாராம், மரம் வெட்ட வந்தவனை வேராலேயே சுற்றிப் பிடிப்பாராம். நீ போனில் கேட்டபோது "நல்லாருக்கு தாயி" என்று முடித்துக்கொண்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்ததால்தான் கடிதம்.

அசல் ட்ரூயிட்டுகளைப் பற்றியும் கொஞ்சம் படித்தேன். பழைய ஐரோப்பாவில் இருந்த கெல்ட் மக்களின் பூசாரிகள். பாடத்தை எழுதி வைக்க மாட்டார்களாம், சிலர் 20 வருடம் வரை மனப்பாடம் பண்ணினார்கள் என்று சீசர் சொல்கிறார். அது எனக்குப் பிடித்தது. எந்தப் பாறையில் தேன் கட்டும், எந்தக் கிழங்கை எப்போது தோண்டலாம் என்று நம் காட்டுப் பழங்குடிப் பளியர் பெரியவர்கள் ஏட்டைப் பார்த்தா சொல்கிறார்கள்? ஓக் மரத்துப் புல்லுருவியைத் தங்க அரிவாளால் அறுத்தார்கள் என்பதுதான் நம்பும்படி இல்லை. தங்கம் எதை அறுக்கும்? ரோமர்கள் எழுதி வைத்த கதை. அந்த ரோமர்களேதான் கி.பி. 60-ஐ ஒட்டி பிரிட்டனில் இருக்கிற மோனா தீவுக்குப் போய் அவர்களுடைய கோயில்காடுகளை வெட்டிச் சாய்த்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆள் ஒண்டியாக நிற்கிறார், ஊர்க்காரன் எல்லாம் அவருக்கு எதிரி. அதுதான் எனக்கு ஒட்டவில்லை.

தேக்கடிக் காட்டில் வயணாப் பட்டை, அதுதான் காட்டு இலவங்கப் பட்டை, திருடினவர்கள் கதை உனக்குத் தெரியும். மரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்தால் அது நின்ற நிலையிலேயே காய்ந்துபோகும். ராத்திரியில் மூட்டை கட்டித் தலைச்சுமையாக இறக்குவார்கள், மாட்டினால் கேஸ். பிறகு வனத்துறை அவர்களையே கூப்பிட்டுக் குழுவாக்கி, காவலும் டூரிஸ்டுகளுக்கு வழிகாட்டும் வேலையும் கொடுத்தது. யானைத்தடம் எது, திருட்டு வழி எது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? அதேபோல நம் பக்கத்து 'வசந்தசேனை' என்ற பெண்கள் குழு. 2002 முதல் முறைபோட்டு, கூலி வாங்காமல், சந்தன மரத்துக்குக் காவல் போகிறார்கள். வீட்டில் உலை வைத்துவிட்டு வருகிறவர்கள்தான். ஒருத்தர் கையிலும் மந்திரக்கோல் கிடையாது.

மிருகமாக மாறுவதையும் யோசித்துச் செய். அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கனாலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து நம் பெரியார் காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே கம்பத்துத் தெருவில் ஓடிற்று. ஜூனில் மறுபடி பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். ரேஷன் அரிசிக்கு ருசி கண்ட யானை அது. வீட்டை இடித்துப் போட்டதால் விரட்டினவன் வில்லனா? பிடிக்கக் கூடாது என்று அழுதவனுக்கு அதன் பக்கத்தில் குடியிருக்கிற பயம் தெரியுமா? உன் ட்ரூயிட் இங்கே வந்தால் யாரை வேரால் சுற்றுவார், சொல்லு.

என்னைக் கேட்டால், அவரைப் பழைய பட்டைத் திருடனாக்கு. உள்ளங்கையில் கத்தித் தழும்பு, தோளில் சுமை தூக்கின காய்ப்பு. கூட நாலு பெண்கள், கையில் சோற்றுத் தூக்கு. ஓநாய் வேண்டாம், நம் பக்கத்துச் செந்நாயை வரை. விளையாடுகிற பிள்ளை மரம் வெட்ட வந்தவனிடம் முதலில் பேசிப் பார்க்கட்டும், அவன் கடன் எவ்வளவு என்று கேட்கட்டும். உன் மேனேஜர் சிரிப்பார். சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்புறம் அந்த மான் கொம்பு. ஈற்றை மூங்கில் காட்டுக்குள் ஒருநாள் நுழைந்து பார்த்தவன் தலையில் அதை வைக்க மாட்டான், தாயி. நாலடி போவதற்குள் மாட்டிக்கொண்டு நிற்பார். அடுத்த படத்தில் எடுத்துவிட்டு அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா