செயலரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் ஒன்று தள்ளிப்போனது. இந்த ஆண்டு நம் ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது, சங்கம் பராமரிக்கும் தமிழ் எழுத்துகளை எண்ணும், பைதான் நிரல்மொழியில் எழுதிய லைப்ரரியின் (பிற நிரல்கள் எடுத்தாளும் நிரல் தொகுப்பு) 2.0.0 வெளியீடுதான்.

அதன் பழைய பதிப்பிலிருந்த வழுவைக் கண்டுபிடித்தவர் நம் உறுப்பினரான ஓர் ஆசிரியை. குறுக்கெழுத்துப் புதிருக்கு அவர் 'கொடி' என்று கொடுத்தால் இரண்டு கட்டத்துக்குப் பதில் மூன்று வந்தது. நடுக்கட்டத்தில் துணைக்கால் மட்டும் அநாதையாக நின்றது. எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. நம் பழைய நிரல் முதல் வகையை மட்டுமே அறிந்திருந்தது. எண்ணுவதற்கு முன் உரையை, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் கணக்கு சரியாயிற்று. 'ஸ்ரீ' மட்டும் மசியவில்லை. அதை ஸகரத்திலும் எழுதுகிறார்கள், ஶகரத்திலும் எழுதுகிறார்கள். என்எஃப்சி இந்த இரண்டையும் ஒன்றாக்குவதில்லை. அதை அடுத்த செயலருக்கு விட்டுவைக்கிறேன்.

திருத்தம்தானே, பதிப்பு எண்ணில் சிறு திருத்தங்களுக்கு உரிய கடைசி எண்ணை மட்டும் ஏற்றினால் போதாதா என்று செயற்குழுவில் நீண்ட வாக்குவாதம். பழைய விடையை நம்பி நிரல் எழுதியவருக்கு விடை மாறுகிறதே என்பது என் கட்சி. 2024 அக்டோபரில் ஆதரவு முடிந்த பைதான் 3.8-ஐயும் கைவிட்டதால் பழையதோடு பொருந்தாத மாற்றத்தைக் காட்டும் முதல் எண்ணே ஏறியது.

அடுத்தது என் தவறு. வெளியிடுமுன் லைப்ரரியைச் சோதனைத் தளத்திலிருந்து நிறுவிப் பார்த்தேன், எல்லாம் ஓடியது. மூலநிரல் கோப்புறைக்குள்ளிருந்தே ஓட்டியதால், பைதான் பக்கத்திலிருந்த கோப்புகளை எடுத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. பைதான் லைப்ரரிகளைப் பொதுவில் வெளியிடும் பைப்பிஐ தளத்தில் ஏற்றிய பொதியில் சொற்பட்டியல் கோப்பே இல்லை! அங்கே ஒருமுறை ஏற்றிய கோப்பின் பெயரை, அழித்தாலும் மறுபடி பயன்படுத்த முடியாது. எனவே 2.0.0-ஐ விலக்கிக்கொண்டதாகக் குறித்துவிட்டு, அன்றிரவே 2.0.1 வெளியிட்டோம். அதற்கும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடு வரும் கைபேசி ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தது. இனி பைப்பிஐ கணக்குக்கு இரண்டு உரிமையாளர்கள் இருக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியுள்ளோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் அவரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலர்