காலை நேர மைதானம் பற்றிப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நடந்த பெற்றோர் கூட்டத்தில், தினமும் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "டீச்சர், நான் காலையில அஞ்சு மணிக்கு வண்டன்மேட்டு ஜீப்புல ஏறுனா, காய் எடுத்துட்டு வீடு வந்து சேர சாயங்காலம் ஆறாகுது. இதுல எனக்கு எக்சர்சைஸ் வேறயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த அம்மா போவது கேரள மலையில் இருக்கும் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துக்கு. ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு தரையாகக் காய்க்கும். சரிவில் நின்று நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் காய் எடுக்கிறவரை நடக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு வேண்டியது ஓய்வும், இடுப்பை நிமிர்த்திச் சோம்பல் முறிக்கப் பத்து நிமிடமும். நடக்க வேண்டியது என்னைப் போல நாற்காலியில் இருப்பவர்களும், கடையில் கல்லாவில் இருப்பவர்களும், நம் பிள்ளைகளும்தான். லண்டனில் இரண்டு மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை வைத்து 1953ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாள் முழுக்கப் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக இருந்தது. நம் ஊரில் வீட்டுக்குள்ளேயே இந்தப் பிரிவினை வந்துவிட்டது. அம்மா கண்டக்டர், பிள்ளை டிரைவர். அம்மா மலை ஏறுகிறாள். பிள்ளை ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கு வந்து, ஷேர் ஆட்டோவில் திரும்பி, போனோடு கட்டிலில் சாய்கிறான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "டீச்சர், லேப்ல ஒருக்கா வெறும் வயித்துல பாத்துருங்க" என்றாள். பார்த்ததில் 138. வெறும் வயிற்றில் 126ஐ எட்டினாலே சர்க்கரை நோய்க் கணக்குதான். அன்றைக்கே தேனியில் ஷூ வாங்கினேன். அதற்குள் திணித்திருந்த காகிதத்தைக்கூட எடுக்காமல் ஆறு மாதம் பீரோவுக்கு அடியில் கிடந்தது. சோம்பல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெட்கம். சேலையும் ஷூவுமாகத் தெருவில் இறங்கினால், "டீச்சர், எங்க ஓடுறீங்க?" என்று ஒவ்வொரு வாசலிலிருந்தும் கேட்பார்கள். ஆறு மாதம் கழித்து ஒருவழியாக இறங்கினேன். இரண்டு நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் நான் போகவில்லை.

என்னை நடக்க வைத்தது பால். வீட்டுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். சொசைட்டிக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். பால் வராமல் காபி இல்லை, காபி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. தூக்குவாளியைக் கையில் எடுத்ததும் தெருவில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. சாரல் தூறிய நாளிலும் போனேன். ஒரு மாதம் கழித்து, அப்படியே ஆற்றுப்பாலம் வரை போய்விட்டுத் திரும்பி வரும்போது பால் வாங்கலாமே என்று தோன்றியது. இப்போது அதுவே முக்கால் மணி நேரம் ஆகிறது. மாத்திரையும் சாப்பிடுகிறேன், டாக்டர் நிறுத்தச் சொல்லாமல் யாரும் நிறுத்தாதீர்கள்.

'ஆர்வம் வரட்டும், ஆரம்பிக்கலாம்' என்றிருந்தால் ஆர்வம் வரவே வராது. தவறவே விடாத ஒரு வேலையோடு நடையை முடிச்சுப்போட்டால் கால் தானாகப் போகும். இதையும் லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் 96 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள். சிலருக்கு 18 நாளில் படிந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று ஒரு நாள் விட்டால் மறுநாள் போங்கள். 10,000 அடி நடந்தாக வேண்டும் என்று போன் சொல்வதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1965ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்து விற்றார்கள். அங்கிருந்து வந்த எண் அது.

பிள்ளைகளுக்கு நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் விளையாட்டு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பள்ளியில் பி.டி. பீரியடு வாரத்துக்கு இரண்டு. அதையும் பத்தாம் வகுப்புக்கு ரிவிஷன் என்று போன வருடம் பிடுங்கிக் கணக்குப் பாடம் எடுத்தது யார் என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். நான்தான். இனி எந்த ஆசிரியரும், நான் உட்பட, பி.டி. பீரியடைத் தொட மாட்டோம்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். எட்டாம் வகுப்புக்கு வரும்போது நம் கோ-கோ டீமில் பாதிப் பெண் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். போன வருடம் கம்பத்தைச் சுற்றித் திரும்பும் வேகத்தில் பையன்களே வாய் பிளந்து பார்த்த ஒரு பிள்ளை, சடங்கு முடிந்து வந்த பிறகு மைதானத்துக்கு வரவில்லை. கேட்டதற்கு, "அப்பத்தா வேணாம்னுச்சு டீச்சர்" என்றாள். இடைவேளையில் வராந்தாத் தூணில் சாய்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாதவிடாய் நாட்களில் முடியவில்லை என்றால் உட்காரட்டும், முடிந்தால் ஆடட்டும்; அதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. எலும்பு உறுதிப்படும் வயதே இதுதான். அப்பத்தாக்கள் பள்ளிக்கு வந்தால் நானே உட்கார்ந்து பேசுகிறேன், காபியும் உண்டு.

வரும் திங்கள் முதல் காலை 7.30 மணிக்கு மைதானத்தின் கேட் திறந்திருக்கும். 8.30 வரை பி.டி. சாரும் நானும் இருப்போம். கபடி, கோ-கோ, ரிங், ஸ்கிப்பிங் என்று எது வேண்டுமானாலும் ஆடலாம். ஷூ வேண்டாம், வெறுங்கால் போதும். ஆனால் வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டு வரட்டும். ஆடிக்காற்றும் சாரலும் பலமாக இருந்தால் வராந்தாவிலேயே ஸ்கிப்பிங். பரிசு எதுவும் கிடையாது. பரிசு வைத்தால் எப்போதும் ஜெயிக்கிற அதே ஐந்து பேர்தான் வருவார்கள். வேலைக்குப் போகாத பெற்றோர்களும் தாத்தா பாட்டிகளும் தாராளமாக உள்ளே வந்து நடக்கலாம். சேலையோடு வாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். வேண்டுமானால் தூக்குவாளியும் கொண்டு வாருங்கள்.

ஆட்டோவில் வரும் பெரிய பிள்ளைகளை பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிடும்படி டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். அங்கிருந்து கூட்டாக நடந்து வரட்டும். அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு நிறையப் போகும். ஆற்றங்கரைக் குறுக்குப் பாதையில் வரவே கூடாது, மெயின் ரோட்டில்தான் வர வேண்டும்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இந்தச் சீட்டின் பின்பக்கம் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஜீப்புக்குப் போகும் அவசரத்தில் எழுத முடியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி அனுப்பினாலும் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்