கீழடிப் பானை ஓட்டுப் பதிவைப் பகிர்கிறவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

'2600 வருடத்துக்கு முன்பே தமிழன் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தான்' என்ற பதிவு இந்த வாரமும் எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்தது. அனுப்பியவர் சித்தப்பா. அவரிடம் போனிலேயே பேசிவிட்டேன், அப்புறம் உங்களுக்கும் எழுதலாம் என்று தோன்றியது.

கண்டுபிடிப்பு உண்மைதான். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் உட்பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்கள்) இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2020 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதியது. அவற்றில் ஒற்றைச் சுவர் கொண்ட குழாய்களின் சராசரி விட்டம் 0.6 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. அதற்கு முன்னால் இப்படிப்பட்ட குழாய்கள் கிடைத்த பழைய பொருள் என்றால் டமாஸ்கஸ் வாள்தான், 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் சொன்னது. அந்த வாள்களுக்கான எஃகும் இந்தியாவிலிருந்து போன உருக்குதான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

ஆனால் 'அறிந்திருந்தான்' என்று எழுதாதீர்கள். இந்தக் குழாய்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து ஜப்பானின் சுமியோ ஈஜிமா 1991-இல் எழுதிய பிறகுதான் உலகமே இதைப் பெரிதாகக் கவனித்தது. கீழடிக் குயவருக்குத் தெரிந்தது வேறு: எந்த மண், எவ்வளவு சூடு, சூளையில் காற்றை எப்போது அடைப்பது. அது ஒன்றும் சின்ன அறிவு இல்லையே! எங்கள் ஆச்சி விளக்கெண்ணெய் விளக்கின் மேல் செப்புத் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்பார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்து, நறநறத்தால் திரியை மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுவார். விளக்குக் கரியின் துகள்கள் சில பத்து நானோமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆச்சிக்கு அந்த அளவு தெரியாது, விரலுக்குப் பதம் தெரியும். அந்தக் குயவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவர் கைத்திறனுக்கு நாம் இன்றைய ஆய்வகத்தின் பெயரைச் சூட்டும்போது, அவர் உண்மையில் செய்த வேலை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது, அதுதான் எனக்கு வலிக்கிறது.

ஏதோ ஒரு தாவரச் சாற்றைப் பூசிச் சுட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். எந்தச் செடி? அதே சிவகங்கை மாவட்டத்தில் மானாமதுரை இருக்கிறது, அங்கே இன்றும் கடம் செய்கிறார்கள், சூளை எரிகிறது. உங்களில் வேதியியலோ பொருளறிவியலோ படிக்கிறவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். அங்கே போய் அவர்களோடு உட்காருங்கள், நாலைந்து சாறுகளைப் பூசிச் சுட்டுப் பாருங்கள், அந்த ஓட்டுத் துண்டை நுண்ணோக்கிக்குக் கொண்டுபோங்கள்.

சரி, மற்றவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை பகிரும்போது அந்த ஒரு வரியை மாற்றிவிடுங்கள். உங்கள் ஊரில் சூளை வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால், சட்டியின் உட்புறம் கறுக்க என்ன செய்வார் என்று கேட்டு, அவர் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள்.