படகுத் தள நிர்வாகத்துக்கு: மாதம் ஒரு நாளாவது மின்சாரம் கொடுங்கள்

நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் கரையேற்றிய படகுகளின் வரிசைக்கு மின்சாரத்தை நிறுத்தியது ஏன், எப்போது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி கிளறப் போவதில்லை. போன வாரம் தார்ப்பாயைப் பிரித்துப் படகுக்குள் இறங்கியபோது பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

பேட்டரிப் பெட்டியின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. திறந்தால், பேட்டரியின் பக்கச்சுவர் புடைத்திருந்தது. மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதன் வழியே கசிந்த அமிலம் பெட்டியின் அடியில் தேங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த செம்பு ஒயரின் முனையெல்லாம் பச்சை பூத்துப்போயிருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 3 வோல்ட்கூட இல்லை. மூடிவைத்த அன்று அதே பேட்டரி 12.7 காட்டியது. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் அலுவலகத்தில் சொன்னபோது, "பராமரிப்பு சரியில்லை, அதான்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரிதான் இந்த மடலை எழுத வைத்தது. நான் என்ன செய்யாமல் விட்டேன்? டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அளவு பார்த்தேன். முழுசாக சார்ஜ் ஏற்றினேன். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சோடா மாவுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவினேன். மெயின் ஸ்விட்சை அணைத்தேன்.

அணைக்க முடியாதது ஒன்று உண்டு. படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பில்ஜ் பம்ப். அதன் ஒயர் ஸ்விட்சைத் தாண்டி நேரே பேட்டரியில் போய்ச் சேரும், ஆள் இல்லாத நேரத்திலும் அது ஓட வேண்டும் என்பதற்காகவே. பனிக்கு முன்னால் பெய்த மழையில் தார்ப்பாய் ஓரிடத்தில் கிழிந்து தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. பம்ப் தன் வேலையைச் செய்திருக்கிறது, சார்ஜ் தீரும் வரை. சார்ஜருக்கு மின்சாரம் இருந்திருந்தால் செலவானதை அது நிரப்பியிருக்கும்.

அப்புறம் குளிர் வந்தது. ஈய-அமில பேட்டரியில் சார்ஜ் முழுதாக இருந்தால் உள்ளே இருக்கும் அமிலக் கரைசல் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். சார்ஜ் தீரத் தீர அந்த அமிலம் நீர்த்துக்கொண்டே வரும். முழுக்கத் தீர்ந்துவிட்டால் மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து, விரிந்து, பெட்டியைப் பிளந்துவிடும். குளிர் மட்டும் பேட்டரியைக் கொல்வதில்லை. சொல்லப்போனால் குளிரில் அது தானாக இழக்கும் சார்ஜ் குறைவுதான். காலியான பேட்டரியைத்தான் குளிர் கொல்கிறது. உறையாமல் தப்பினாலும், 12.4 வோல்ட்டுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது.

"பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள்" என்கிறீர்கள். தாங்கிகளின் மேல் நிற்கும் படகிலிருந்து அதை இறக்கிப் பார்த்திருக்கிறீர்களா? என்னுடையது 28 கிலோ. ஏணி 3 மீட்டர். ஒரு கையால் ஏணியைப் பிடிக்காமல் இறங்க முடியாது, பேட்டரியை ஒரு கையால் பிடிக்கவும் முடியாது, சாய்க்கவும் கூடாது. கயிறு கட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று, அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். எனக்குப் பக்கத்துப் படகுக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். தனி ஆள். அவரிடம் நான்கு பேட்டரிகள் இருக்கின்றன. அன்று அவர் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன். "அடுத்த வருஷம் படகையே வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். நாற்பது வருடமாகப் படகு வைத்திருப்பவர்.

உங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆள் இல்லாத படகில் பழைய சார்ஜரையும் நைந்த நீட்டிப்பு ஒயரையும் மாதக்கணக்கில் விட்டால் தீப்பிடிக்கலாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும், காற்றோட்டம் இல்லாவிட்டால் அது ஆபத்து. அதனால்தான் குளிர்காலம் முழுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மாதம் ஒரு நாள், காலையிலிருந்து மாலை வரை, நாங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது. முழுசாக ஏற்றி மூடிவைத்த நல்ல பேட்டரிக்கு அது போதும். என்னுடையதைப் போலச் செலவாகிக்கொண்டிருந்தாலும், மாதம் ஒரு முறை மீட்டர் வைத்துப் பார்த்தால் கெடுவதற்கு முன்னால் தெரிந்துவிடும், தார்ப்பாயின் கிழிசலும் கண்ணில் படும். சூரியத் தகடு வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். தார்ப்பாய்க்கு அடியில் அதற்கு ஏது வெயில்?

இந்தத் தளத்தில் எதைக் கேட்டாலும் முதல் பதில் "விதிப்படி இல்லை" என்பதுதான். தண்ணீர்க் குழாய்க்கும் அதே பதில், இரவு விளக்குக்கும் அதே பதில். அறிவிப்புப் பலகையில் நாங்கள் செய்யக் கூடாதவை நிறைந்து கிடக்கின்றன. எங்களுக்காக நீங்கள் செய்யப்போவதாக ஒரு வரிகூட அங்கே இல்லை. வாடகை மட்டும் ஒரு மாதம்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன். மாதம் ஒரு நாள் மின்சாரம். எந்த நாள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அன்று வரிசைக்கு ஒருவர் காவல் நிற்க வேண்டும் என்றால் முதல் ஆளாக நான் பெயர் கொடுக்கிறேன். சார்ஜர்களையும் ஒயர்களையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும் என்றால் அதற்கும் சம்மதம். அதுவும் முடியாது என்றால், படகுகளைக் கரையேற்றும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். படகு தண்ணீரில், துறைமேடைக்குச் சமமாக நிற்கும்போதே பேட்டரிகளை இறக்கிக்கொள்வோம். அந்தப் பெரியவரும் ஏணி ஏற வேண்டியிருக்காது.

அடுத்த கரையேற்றத்துக்கு முன் நடக்கும் உங்கள் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். விரிசல் விட்ட பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு முன் யாராவது வந்து பார்ப்பதாக இருந்தால், அதுவரை மறுசுழற்சிக்குக் கொடுக்காமல் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசையில் படகு நிறுத்தியிருக்கும் ஒருவர்