புதிய குவார்ட்டர்பேக்கும் அவருக்கு முன்னால் நிற்கும் ஐவரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில், ஆண்டுதோறும் அணிகள் புதியவர்களை எடுக்கும் தேர்வில் வரும் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவரை, முதல் ஆட்டத்திலேயே இறக்கிவிட வேண்டும், ஓராண்டு உட்கார வைத்துப் பழக்குவதெல்லாம் பழைய காலத்து வழக்கம் என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் சென்ற வாரம் படித்தேன். வேலூரில் இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் சிலரே என்றாலும், ஞாயிறு இரவு பத்தரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்காகக் கண்விழிக்கும் கல்லூரி மாணவர்கள் காட்பாடிப் பக்கம் உண்டு. அவர்களோடு பழகிப் பழகி எனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. (மாவட்டக் கபடிக்கும் இதே அளவு இடம் ஒதுக்கினால் மகிழ்வேன் என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறேன்.)

கட்டுரையாளர் தம் கட்சிக்கு, முதல் ஆண்டிலேயே ஆடிச் சிறந்த சி.ஜே. ஸ்ட்ரவுடையும் ஜேடன் டேனியல்ஸையும் சாட்சிக்கு அழைக்கிறார். மறு கட்சியினர் ஆரன் ராட்ஜர்ஸ் மூன்றாண்டு அனுபவசாலியான பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் காத்திருந்ததையும், 2017இல் தேர்வான பேட்ரிக் மஹோம்ஸ் அவ்வாண்டு லீக் சுற்றின் கடைசி ஆட்டத்தில் மட்டும் தொடக்கத்திலிருந்து ஆடிவிட்டு, மறு ஆண்டு எல்லைக்கோட்டுக்கு அப்பால் புள்ளியாக முடிந்த 50 டச்டவுன் பாஸ்களுடன் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியதையும் எடுத்து வைப்பார்கள். இப்படிப் பெயருக்குப் பெயர் அடுக்கிக்கொண்டே போனால் வழக்கு என்றைக்கும் தீராது.

நான் பார்க்கச் சொல்லும் கணக்கு வேறு. 1998இல் பெய்டன் மேனிங் முதல் ஆட்டத்திலிருந்தே களத்தில் இருந்தார். அவர் வீசிய பந்துகளில் 28ஐ எதிரணியினர் பிடித்துக்கொண்டனர். அணி 16 ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றது. 2002இல் டேவிட் கார் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணிக்கு அதேபோல முதல் நாளிலிருந்து ஆடினார். அவருடைய பந்துகளில் 15 மட்டுமே எதிரணியின் கைக்குப் போயின. பிழைகளை மட்டும் எண்ணினால் கார்தான் தேறியவர். ஆனால் மேனிங்கின் அணி அடுத்த ஆண்டே 13 ஆட்டங்களில் வென்றது. காரோ எதிர்பார்த்த உயரத்தை ஒருபோதும் எட்டவில்லை. பந்து கையில் இருக்கும்போதே மேனிங் அந்த முதல் ஆண்டில் 22 முறை வீழ்த்தப்பட்டார். கார் 76 முறை வீழ்த்தப்பட்டார். ஒரே பருவத்தில் ஒருவர் இத்தனை முறை வீழ்த்தப்பட்டது இன்றும் மோசமான சாதனையாக நிற்கிறது. எதிரணியினர் குவார்ட்டர்பேக் மேல் பாயாமல் தடுக்கவே அவருக்கு முன்வரிசையில் ஐவர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவராகக் காரின் இடப்பக்கத்தைக் காக்க வேண்டிய டோனி பொசெல்லி தோள் காயத்தால் டெக்சன்ஸுக்கு ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பந்தைத் தவறாக வீசிவிட்டு நின்ற இடத்திலிருந்து பார்ப்பவருக்கு, எங்கே தவறினோம் என்பது கண்ணெதிரே தெரியும். வீசுவதற்கு முன்பே தரையில் கிடப்பவருக்கு அது தெரியாது. பயிற்சியாளரின் குரல் தலைக்கவசத்துக்குள் ஒலிப்பது, அடுத்த நகர்வைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போதே நின்றுவிடுகிறது; அதன்பின் எதிரே நிற்கும் பதினொருவரின் நிலையைப் படித்து, தேவையானால் திட்டத்தை மாற்றி, பந்து கைக்கு வந்த சுமார் மூன்று விநாடிகளுக்குள் அதை விட்டுவிட வேண்டும். நான்கு முறை விலாவில் அடி வாங்கியவருடைய கண் ஐந்தாம் முறை தூரத்தில் ஓடும் தன் ஆளைத் தேடாமல், தன் மேல் பாய வருபவனைத்தான் தேடும். இந்தப் பழக்கம் படிந்துவிட்டால் போக்குவது கடினம். வீழ்த்தப்படுவதில் பந்தை அதிக நேரம் வைத்திருக்கும் குவார்ட்டர்பேக்கின் குற்றமும் உண்டுதான். அதற்காக 76 முறையையும் காரின் தலையில் கட்ட முடியாது.

கட்டுரையாளரின் சாட்சியான ஸ்ட்ரவுடே இதற்கும் சாட்சி சொல்வார். 2023இல் 38 முறை வீழ்த்தப்பட்டபோது அவர் பறிகொடுத்த பந்துகள் ஐந்து. 2024இல் 52 முறை வீழ்த்தப்பட்டபோது பன்னிரண்டு. டேனியல்ஸ் முதல் ஆண்டில் தம் கால்களாலேயே 891 கெஜம் ஓடித் தப்பியவர்; அப்படிப்பட்ட கால்கள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

உட்கார வைத்தாலே ஞானம் வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வாரநாள் பயிற்சியில் முதன்மை அணியோடு ஆடும் வாய்ப்பு பெரும்பாலும் தொடக்க ஆட்டக்காரருக்கே கிடைக்கிறது. காத்திருப்பவர் அடுத்து வரும் எதிரணியின் ஆட்டத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருப்பார். 2021இல் மூன்றாவதாகத் தேர்வான டிரே லான்ஸ் முதல் ஆண்டில் பெரும்பாலும் காத்திருந்தார்; மறு ஆண்டு இரண்டாவது ஆட்டத்திலேயே கணுக்கால் முறிந்தது; அதற்கடுத்த ஆண்டு வேறு அணிக்கு மாற்றப்பட்டார். காத்திருப்பவருக்கென்று தனியாகப் பயிற்சி நேரம் ஒதுக்க முடியாத அணி, காக்க வைத்தும் பயனில்லை.

அவசரத்துக்குப் பணமும் ஒரு காரணம். 2011 முதல் புதிய ஆட்டக்காரர்களின் ஊதியத்துக்கு வரம்பு உண்டு: முந்தைய ஆண்டு முதலிடத்தில் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2011இல் கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு சுமார் 2.2 கோடிதான். குவார்ட்டர்பேக் மலிவாகக் கிடைக்கும் அந்த நான்கைந்து ஆண்டுகளில் ஒன்றை வீணாக்க எந்த உரிமையாளருக்கும் மனம் வராது.

காமன்வெல்த் போட்டிகளின் பளுதூக்குதலில் 2014, 2018 இரு முறையும் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊரான இந்தச் சத்துவாச்சாரியில், புதிதாக வரும் பையனுக்கு எத்தனை கிலோ ஏற்றுவது என்பதைப் பயிற்சியாளர் அவன் முதுகையும் முழங்காலையும் பார்த்து முடிவு செய்துவிடலாம். குவார்ட்டர்பேக்குக்கு அது போதாது. அவர் மேல் ஏறும் சுமையை முன்வரிசையின் ஐவரும்தான் தீர்மானிக்கிறார்கள். அந்த ஐவரும் நிலைபெற்றிருந்தால் இருபத்திரண்டு வயதுக்காரரைத் தாராளமாக முதல் நாளே இறக்கலாம். 28 முறை அல்ல, 30 முறை பிழை செய்தாலும் குற்றமில்லை. நிலைபெறவில்லையெனில் அனுபவசாலி ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி அடி வாங்கச் சொல்வதே முறை.

அடுத்த ஏப்ரலில் புதியவர்களுக்கான தேர்வு நடக்கும்போது, முதலிடம் பெற்றவர் தொப்பி அணிந்து சிரிக்கும் படத்தோடு, அவர் சேரும் அணியின் முன்வரிசையில் யார் யார் இருக்கிறார்கள், அதற்கு முந்தைய பருவத்தில் அந்த அணியின் குவார்ட்டர்பேக் எத்தனை முறை வீழ்த்தப்பட்டார் என்ற விவரத்தையும் நான்கு வரியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.