வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: ஃபிட்டர் பெரியப்பாவும் அந்த ஃபேனும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மேலமாசி வீதியில் நம் கண்ணாடிக் கடைக்கு ஒருமுறை வந்தவர்களுக்குக்கூட ஃபிட்டர் பெரியப்பாவைத் தெரியாமல் இருக்காது. பலகை மறைப்புக்குப் பின்னால், தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உங்கள் லென்ஸை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். சென்ற மாதம் தவறிவிட்டார். கடைக்கு வந்து விசாரித்தவர்களிடம் நேரிலேயே சொன்னேன். இப்போது, அவர் சாவு வீட்டில் மின்சாரச் செலவுக்காக நான் ஃபேனை அணைத்தேன், கடைசி வரைக்கும் அவரிடம் வேலை வாங்கினேன், பாட்டி ஒருவரைக் கடையிலிருந்து திருப்பி அனுப்பினேன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு தெருத் தெருவாகச் சுற்றுவதால், எல்லோருக்கும் சேர்த்து எழுத வேண்டியதாகிவிட்டது.

எனக்கு அவர் ரத்த உறவு இல்லை. நான் அரைக்கால் டவுசர் போட்ட நாளிலிருந்து பெரியப்பா என்றுதான் கூப்பிட்டேன். எட்டயபுரம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். மீசை முளைக்காத வயதில் மதுரைக்கு வந்து என் அப்பாவிடம் சேர்ந்தார். அன்றைக்குப் பிளாஸ்டிக் லென்ஸ் ஏது? எல்லாம் அசல் கண்ணாடி. வட்டமாக வரும் லென்ஸின் ஓரத்தைக் குறடால் துளித்துளியாக நொறுக்கி, தண்ணீர் சொட்டும் சாணைக்கல்லில் பிடித்து, ஃபிரேமின் காடியில் உட்காருகிற மாதிரி விளிம்பை இறக்க வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினால் லென்ஸ் இரண்டாகிவிடும். பிற்பாடு மெஷின் வந்தது, அதையும் கற்றுக்கொண்டார். ஆனாலும் மெஷின் முடித்ததை அவர் பார்க்காமல் கவுண்டருக்கு அனுப்பியதில்லை. சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் மட்டும் நிற்கும் பவர், உள்ளவர்களுக்கு அதன் கோணமான ஆக்ஸிஸ் சற்றுத் திரும்பினாலும் தலைவலி வரும். தூரத்துக்கும் படிக்கவும் சேர்த்துப் போடும் பைஃபோகல் லென்ஸின் கோடு கீழ் இமைக்கு நேராக நிற்காவிட்டால் படியிறங்கும்போது தடுமாறுவோம். அதற்காக அவர் உங்களை உட்கார வைத்து, நிற்க வைத்து, ஸ்கெட்ச் பேனாவால் லென்ஸில் புள்ளி வைத்ததெல்லாம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிலர் அலுத்துக்கொண்டதும் எனக்கு நினைவிருக்கிறது!

கண்புரை ஆபரேஷன் செய்தால் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்காத காலம் ஒன்று இருந்தது. பிளஸ் பத்து பவரில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டால்தான் பார்வை. அதை ஃபிரேமில் நிறுத்துவதில் மதுரையில் அவருக்கு நல்ல பெயர். 1992இல் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் லென்ஸ் தொழிற்சாலையான ஆரோலேப் இங்கேயே உள்விழி லென்ஸ் செய்யத் தொடங்கி, அது மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு, சோடாபுட்டி வேலை படிப்படியாக நின்றுபோனது. கடைக்கு அது நல்ல வரும்படியாக இருந்த வேலை. பெரியப்பா சந்தோஷப்பட்ட அளவுக்கு அப்பா சந்தோஷப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பெரியப்பா “எங்க ஊர்ப் பக்கத்து டாக்டர்” என்றுதான் சொல்வார். 1918இல் வடமலாபுரத்தில் பிறந்தவர், முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவைக் கத்தி பிடித்தவர், அரசு வேலையில் ஓய்வு பெற்ற 58 வயதில், 1976இல், 11 படுக்கைகளோடு அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கி உடன்பிறந்தவர்களையும் அதில் இறக்கியவர். அந்தக் கதையைப் பெரியப்பா வாயால் கேட்காத வாடிக்கையாளர் குறைவு. 2006இல் டாக்டர் இறந்த அன்று பெரியப்பா வேலைக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் கண் முகாம் என்றாலும் தகரப் பெட்டியோடு கிளம்பிவிடுவார். பெட்டி நிறைய உங்கள் வீட்டுக் கண்ணாடிகள்தான். பெரியவர்கள் காலமானபின் நீங்கள் கொண்டுவந்து கொடுத்தவை. ஒவ்வொன்றையும் கழுவி, பவர் பார்த்து, காகிதத் துண்டில் எழுதி ஒட்டி வைப்பார். வெறும் வெள்ளெழுத்துக் கண்ணாடி என்றால் அப்படியே யாருக்காவது பொருந்தும். சிலிண்டர் உள்ளது அடுத்தவருக்கு ஆகாது என்பதால் லென்ஸைக் கழற்றிவிட்டு ஃபிரேமை மட்டும் வைத்துக்கொள்வார். புது லென்ஸ் செலவு அவர் சம்பளத்தில் கழியும். தம்பியைப் படிக்க வைத்து, மூன்று பெண்களைக் கரையேற்றியதும் அதே சம்பளத்தில்தான். பெரியம்மா ஒரு நாளும் முகம் சுளித்ததாக எனக்குத் தெரியாது.

இனி, அந்த ஃபேன் விஷயம்.

“சாவு வீட்டுக்கு வந்த முதலாளி முதல் வேலையாக ஃபேனை அணைத்தார்” என்று பதிவில் வருகிறது. ஆமாம், நான்தான் அணைத்தேன். பெரியப்பா கண்தானத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தார். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். அதுவரை கருவிழி காயக் கூடாது. தலைமாட்டில் ஃபேன் ஓடினால் காய்ந்துவிடும். அதனால் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையணை கொடுத்துத் தலையைச் சற்று உயர்த்தி, ஃபேனை நிறுத்த வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ராத்திரி நேரம், புழுக்கம், சொந்தபந்தம் கூடியிருக்கிறது, நின்று விளக்க நேரமில்லை. மூத்த மகளைக் கேட்டுக்கொண்டுதான் சுவிட்சில் கை வைத்தேன். கண் வங்கிக்காரர்கள் வந்து அரை மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துக்கொண்டு போன பிறகு ஃபேனைப் போட்டதும் நான்தான். அதைப் பதிவில் காணோம். மின்சாரச் செலவுக்கு அணைத்தேன் என்கிறார்கள். அது என் வீட்டு மின்சாரமும் இல்லையே! கண்ணாடி போட்டவர்களும், புரை எடுத்தவர்களும், சர்க்கரை உள்ளவர்களும் கண் கொடுக்கலாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நேரம் வந்தால், ஃபேனை அணைப்பவரைத் தயவுசெய்து தப்பாக நினைக்காதீர்கள்.

“கடைசி வரைக்கும் வேலை வாங்கினார்கள்” என்பதற்கு என்ன சொல்ல? கடைசி வருடம் காலையில் மட்டும்தான் வருவார். ஆட்டோவுக்குக் கடையில்தான் கொடுத்தோம். சம்பளத்தைக் குறைக்கவில்லை. வீட்டில் இருங்கள் என்று சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தார். பாட்டி ஒருவரைத் திருப்பி அனுப்பியதாகச் சொல்வதும் முழு விவரம் இல்லை. அவர் கொண்டுவந்த கண் பவர் சீட்டு பழையது. புதிதாகக் கண் பரிசோதித்துவிட்டு வரச் சொன்னோம், அவ்வளவுதான். தகரப் பெட்டி கடையிலேயே இருக்கிறது. கண்ணாடிகளைக் கொண்டுவந்து கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

தகவல் தெரிந்து வீடு தேடிப் போனவர்கள், பெரியம்மா கையில் சத்தமில்லாமல் கவர் வைத்துவிட்டு வந்தவர்கள், அந்தப் பதிவைக் கேட்ட பிறகும் கடைக்கு வந்து “என்னப்பா நடந்தது?” என்று என்னையே கேட்டவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. அப்பா காலத்திலிருந்து மூன்று தலைமுறையாக வரும் குடும்பங்கள் இருக்கிறீர்கள். உங்களை நம்பித்தான் இந்தக் கடை.

பெரியப்பா இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை ஃபிட்டிங் வேலை வெளியே லேபுக்குப் போவதால், முன்பு அன்று மாலையே கிடைத்த கண்ணாடிக்கு இப்போது நாலு நாள் ஆகலாம். கடை வழக்கம்போல் காலை 10 மணிக்குத் திறக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்,
மேலமாசி வீதி, மதுரை.

பி.கு.: ஃபிட்டிங் கூலியில் சிறு மாற்றம் உண்டு. விவரம் கவுண்டரில் ஒட்டியிருக்கிறது.